சேவல் இல்லாத மாடியில் அடைக்கு உட்கார்ந்த கோழி: உடல்நலத்தை எப்படிக் காப்பது?

அல்சூர் மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு கோழிகள் வளர்க்கிறோம். ஒன்று கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி, மற்றொன்று கிரிராஜா என்னும் கலப்பினக் கோழி. அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தை எண்ணிச் சேவல் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது சிறுவிடை, தான் முட்டையிடும் தக்காளிக் கிரேட்டை விட்டு இறங்க மறுக்கிறது. முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுவதால் அதன் அடியில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் வைக்கோலை மார்புக்குக் கீழே இழுத்துக்கொண்டு, உடம்பைத் தட்டையாகப் பரப்பிப் படுத்திருக்கிறது. கையைக் கொண்டுபோனால் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறது. நெஞ்சுப் பகுதியில் இறகு போய்த் தோல் தெரிகிறது. சிவந்திருந்த கொண்டை வெளுத்து வருகிறது. தீனியை அருகிலேயே வைத்தாலும் தொடுவதில்லை.

இது நோயா, அடைக் குணம்தானா என்பதை எப்படி உறுதி செய்வது? அடைக் குணம்தான் என்றால் வெறும் கூட்டில் இப்படியே இருக்க விடலாமா? கூண்டு தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது, ஏப்ரல் வெயிலும் தொடங்கிவிட்டது. கோழி மெலிந்து போய்விடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஸ்ரீராமபுரம் கோழிக்காரம்மா எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் அடைக் குணத்துக்கே உரியவை. தருமபுரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். அடைக்கோழியையும் சீக்குக் கோழியையும் பார்த்த பார்வையிலேயே பிரித்தறியலாம். அடைக்கோழியின் கண் தெளிவாக இருக்கும், நம் கையைக் கவனித்துக்கொண்டே இருக்கும், தொட்டால் எதிர்க்கும். தூக்கிக் கீழே விட்டால் சிறிது நேரம் பந்தாக உப்பி நின்றுவிட்டு, பிறகு ஓடிப்போய்த் தண்ணீர் குடிக்கும், தீனி கொத்தும், மண்ணில் புரளும், மறுபடியும் கூட்டுக்கே திரும்பும். சீக்குக் கோழி கண்ணை மூடித் தலையை உள்ளிழுத்துக்கொண்டு வாலைத் தொங்கவிட்டிருக்கும். தூக்கினாலும் எதிர்க்காது, இறக்கிவிட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்ட கோழியும் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் அது அடிக்கடி எழுந்து முக்கும், வயிறு கனத்துக் கெட்டியாக இருக்கும், நடை பெங்குவின் போல நிமிர்ந்திருக்கும். அப்படி இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எச்சத்தையும் பாருங்கள். அடைக்கோழி கூட்டை அசுத்தப்படுத்தாமல் அடக்கி வைத்திருந்து, இறங்கும்போது ஒரே தடவையாக முட்டை அளவுக்குப் பெரிதாக, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு போடும். அந்த நாற்றத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். எச்சம் பச்சைத் தண்ணீராகவோ வெள்ளையாகவோ இரத்தம் கலந்தோ வந்தால் அது வேறு விஷயம்.

நாளுக்கு ஒரு முறையாவது கோழியை நீங்களே தூக்கி இறக்குங்கள். நல்ல அடைக்கோழி தானாகவே இறங்கும். ஆனால் சில கோழிகள் அடை மயக்கத்தில் அன்றாட இறக்கத்தையும் மறந்துவிடும். தூக்கும் முன் இறக்கைக்கு அடியில் முட்டையோ குஞ்சோ சிக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தூக்குவது நல்ல பழக்கம்.

லிங்கராஜபுரம் வாசகர் எழுதியது:

கரு முட்டை, அதாவது சேவலோடு சேர்ந்த கோழி இட்ட, குஞ்சு பொரிக்கக் கூடிய முட்டை, இல்லாத நிலையில் உட்கார விடுவதில் பொருள் இல்லை என்பதே என் கருத்து. எங்கள் ஊரில் பெரியவர்கள் கோழியைக் குளிர்ந்த தண்ணீரில் நெஞ்சு வரை முக்கி எடுத்து விடுவார்கள். மூக்கில் இறகைச் செருகி விடுவதும் உண்டு. அடை தெளிந்துவிடும். இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

கே.ஆர்.புரம் கால்நடைப் பணியாளர் எழுதியது:

மேலே உள்ள யோசனையை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மூக்கில் இறகு குத்துவது துன்புறுத்தலே தவிர மருத்துவம் அல்ல. நாசித் துளையில் புண் ஏற்பட்டுச் சீழ் பிடித்த கோழிகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் முக்கும் பழக்கத்தில் ஒரு சிறு உண்மை இருக்கிறது: அடைக்கோழியின் அடிவயிறு சூடாக இருப்பதும், கூட்டில் அதன் தோல் அழுந்தியிருப்பதும் அடைக் குணத்தை நீடிக்கச் செய்கின்றன, அடிப்பாகம் குளிர்ந்தால் அது தளரும். ஆனால் ஒரு முக்கல் சில நிமிடங்களுக்குத்தான் குளிர்விக்கும். ஏற்கெனவே தீனி குறைந்து மெலிந்திருக்கும் கோழியை மாலை நேரத்தில் நனைத்து விட்டால், இறகு காயாமல் இரவெல்லாம் நடுங்கிச் சளிப் பிடிக்கும் ஆபத்துதான் மிஞ்சும்.

அடைக் குணத்தை நடத்துவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விடும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன். அது உயர்ந்தவுடன் சினைப்பை சுருங்குகிறது, முட்டையிடுவது நிற்கிறது, பசி குறைகிறது, கொண்டை சிறுத்து வெளுக்கிறது. ஆகவே ஓரளவு வெளுப்பு இயல்பே. கோழி தன் நெஞ்சு இறகை உதிர்த்துக்கொள்வதும், உடலின் சுமார் 41 டிகிரி செல்சியஸ் வெப்பம் நேராக முட்டையைச் சேர வேண்டும் என்பதற்காகவே. அந்த வெறுந்தோலில் கீறல், கொப்புளம், ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விட்டுவிடக் கூடாத கேள்வி, இந்தக் கோழியின் அடைக்கு முடிவு எங்கே என்பது. கரு முட்டை மீது உட்கார்ந்த கோழிக்கு 21 நாட்களில் குஞ்சு வருகிறது. குஞ்சின் குரலும் அசைவும் அதன் உடலை அடையிலிருந்து தாய்மைக்கு மாற்றுகின்றன. வெறும் கூட்டில் உட்கார்ந்த கோழிக்கு அந்த அழைப்பு வருவதே இல்லை. அது ஐந்தாறு வாரம் கூட உட்கார்ந்திருக்கும். முறையான அடையிலேயே கோழி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கக் கூடும் என்னும்போது, முடிவில்லாத அடை அதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எண்ணிப் பாருங்கள். எனவே இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்யுங்கள்: கரு முட்டை கொண்டுவந்து வையுங்கள், அல்லது அடை தெளிய வையுங்கள். இரண்டும் செய்யாமல் காத்திருப்பதுதான் கோழிக்குக் கெடுதல்.

தெளிய வைப்பதென்றால், அடித்தளம் கம்பி வலையாக இருக்கும் கூண்டு ஒன்றை இரண்டு செங்கற்கள் மீது தூக்கி வைத்து, கீழே காற்றோடும்படி செய்யுங்கள். உள்ளே வைக்கோல், சாக்கு எதுவும் வேண்டாம். தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. பட்டினி போடவோ, காலைக் கட்டவோ, இருட்டில் அடைக்கவோ கூடாது. பெரும்பாலான கோழிகள் மூன்று நான்கு நாட்களில் தெளிந்துவிடும். நீண்ட நாள் உட்கார்ந்து ஊறிப்போன கோழிக்குக் கூடுதலாகும். வெளியே விட்டதும் கூட்டுக்கு ஓடாமல் மேயப் போனால் தெளிந்தது என்று கொள்ளலாம். அதன் பிறகு முட்டையிடத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். கோழியின் மீது கோபப்பட்டு அவசரப்படுத்த வேண்டாம்.

எஜிபுரா தோட்டக்காரர் எழுதியது:

நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கும் முறையை யாரும் சொல்லவில்லையே. தராசை விட இது எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது. கோழியைக் கக்கத்தில் அணைத்துக்கொண்டு, நெஞ்சின் நடுவில் ஓடும் எலும்பின் இருபுறமும் விரலை வைத்துப் பாருங்கள். இருபுறமும் சதை மேடாக இருந்தால் நலம். எலும்பு மேலெழுந்து, சதை இருபுறமும் சரிந்திருந்தால் மெலிவு. எலும்பு கத்தி முனை போல விரலில் உறுத்தினால், முட்டை எத்தனை நாள் ஆகியிருந்தாலும் அந்த அடையைத் தொடர விடக் கூடாது. அதோடு மாலையில் தொண்டைக்குக் கீழே வலப்புறமுள்ள தீனிப்பையையும் தொட்டுப் பாருங்கள். அன்றைக்குத் தின்றதா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

அல்சூர் மாடிவீடு எழுதியது:

மிக்க நன்றி. வீட்டில் பேசினோம்; கரு முட்டை வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் இன்று மாலை கிரேட்டைச் சுத்தம் செய்தபோது, மூலையில் இரண்டு பிளாஸ்டிக் விளிம்புகள் சேரும் இடத்தில் சாம்பல் தூவியது போல ஏதோ படிந்திருந்தது. வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் சிறு சிறு சிவப்புக் கோடுகள் விழுந்தன. கோழியின் வாலடியில் இறகை விலக்கினால் மிளகுப்பொடி அளவில் ஏதோ ஊர்கிறது. வீட்டில் நாய்க்கு உண்ணி வராமல் இருக்க அடிக்கும் ஸ்பிரே இருக்கிறது. அதையே கோழிக்கும் அடிக்கலாமா?

கே.ஆர்.புரம் கால்நடைப் பணியாளர் எழுதியது:

அடிக்கவே கூடாது. நாய்க்கு அடிக்கும் அந்த ஸ்பிரேக்கள் பலவற்றில் ஃபிப்ரோனில் என்னும் மருந்து இருக்கும். 2017ஆம் ஆண்டு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப் பண்ணைகளில் இரத்தம் குடிக்கும் செந்நிறச் சிற்றுண்ணிகளை ஒழிக்க இம்மருந்தைச் சட்டவிரோதமாகக் கலந்து அடித்ததால், முட்டைகளில் அதன் எச்சம் தங்கி, பல நாடுகளில் கோடிக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மனிதர் உண்ணும் பறவைக்கு அது உரிய மருந்து அல்ல. நாளைக்கு இந்தக் கோழியின் முட்டையை உங்கள் வீட்டுக் குழந்தைதான் சாப்பிடப் போகிறது.

நீங்கள் துணியில் கண்ட சிவப்புக் கோடு, இந்தச் சிற்றுண்ணிகள் குடித்த கோழியின் இரத்தம். அடைக்கோழிக்குப் பசியை விடப் பெரிய எதிரி இந்தச் சிற்றுண்ணிதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மற்றக் கோழிகள் இரவில் கம்பில் உட்காரும், பகலில் மண்ணில் புரண்டு உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும். அடைக்கோழியோ நாள் முழுவதும் ஒரே இடத்தில், சூடான உடம்போடு, அசையாமல் கிடக்கிறது. பகலில் பலகை இடுக்கிலும் கூடையின் பின்னலிலும் ஒளிந்திருந்து, இருட்டியதும் வெளியே வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பும் வகை ஒன்று. அது குடிப்பதற்கு முன் சாம்பல் நிறத்திலும் குடித்த பின் சிவப்பாகவும் இருக்கும். பறவையின் மேலேயே, பெரும்பாலும் எச்சத்துவாரத்தைச் சுற்றி, பகலும் இரவும் வாழும் வகை இன்னொன்று. உங்கள் வீட்டில் வாலடியிலும் தெரிகிறது, கூட்டு மூலையிலும் தெரிகிறது. ஆகவே இரண்டு இடத்துக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும். வெயில் காலத்தில் இவை ஒரு வாரம் பத்து நாட்களில் ஒரு தலைமுறையைப் பெருக்கிவிடும். 21 நாள் அடைக்குள் எத்தனை மடங்காகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இரத்தம் வடிந்த கோழி கூட்டிலேயே செத்துக் கிடப்பதற்கும், நல்ல அடைக்கோழி திடீரென்று முட்டையை விட்டு ஓடிவிடுவதற்கும் பல வீடுகளில் இதுவே காரணம். கோழியின் மீது பழி போடுவார்கள். இரவில் டார்ச் அடித்துக் கூட்டைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

முதலில் இரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். அடையினால் கொண்டை வெளிர் சிவப்பாகும். இரத்தம் குறைந்தால் கொண்டை மட்டுமல்லாமல் வாயின் உட்புறமும் கண்ணிமையின் உட்புறமும் வெளிறிப் போகும். அப்படியிருந்தால் இந்த முறை அடையே வேண்டாம். தெளிய வைத்து உடம்பைத் தேற்றுங்கள்.

நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை என்றால், முட்டை வைக்கும் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பழைய வைக்கோலை மாடியில் கொட்டி வைக்காமல் அப்புறப்படுத்துங்கள். கிரேட்டைக் கொதிக்கும் தண்ணீரும் சோப்பும் ஊற்றித் தேய்த்து, நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வையுங்கள். கூண்டின் மரச்சட்டம், கம்பு நுழையும் துளை, தகரத்தை ஆணியடித்த இடம் எல்லாவற்றிலும் நீர்த்த சுண்ணாம்பைக் கெட்டியாகப் பூசி நன்றாகக் காய விடுங்கள். இந்தச் சிற்றுண்ணிகள் இரத்தம் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், கூண்டைக் காலியாகச் சில நாள் வைத்திருந்தாலே ஒழிந்துவிடும் என்று எண்ணக் கூடாது. கோழிக்கு மேலே போடும் மருந்துத் தூளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, முட்டையிடும் பறவைக்கு ஏற்றது என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். முட்டையைச் சாப்பிடாமல் எத்தனை நாள் விட வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெப்பாலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்குத் தொலைவு என்றால், அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையே போதும். எந்தத் தூளானாலும் ஒரு முறையோடு முடியாது. முட்டையிலிருந்து புதிதாகப் பொரிக்கும் சிற்றுண்ணிகளுக்காக, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

ஸ்ரீராமபுரம் கோழிக்காரம்மா எழுதியது:

ஐயா சொன்னதோடு புழுதிக் குளியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடியில் மண் இல்லையென்றால் ஒரு பழைய டப்பில் காய்ந்த செம்மண்ணும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து, மழை படாத இடத்தில் வையுங்கள். கோழியை இறக்கும் நேரத்தில் அதில் விட்டால் தானே புரளும். அந்தப் புரளலைப் பாதியில் நிறுத்தித் தூக்கிக் கூட்டில் வைக்காதீர்கள். முட்டை அந்த நேரத்துக்குள் ஆறிவிடாது. அரை மணி நேரம் வரை வெளியே இருந்தாலும் கருவுக்கு ஒன்றும் ஆகாது.

வைக்கோலுக்கு அடியில் நொச்சி இலையும் வேப்பிலையும் பரப்புவோம். அது வருமுன் காப்பதற்குத்தான் உதவும். இப்படிப் பெருகிய பிறகு இலையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

லிங்கராஜபுரம் வாசகர் எழுதியது:

விளக்கங்களுக்கு நன்றி. கூட்டில் அந்துருண்டையோ புகையிலைத் தண்டோ போட்டு வைப்பது சரியா? பலர் செய்கிறார்கள்.

கே.ஆர்.புரம் கால்நடைப் பணியாளர் எழுதியது:

இரண்டும் வேண்டாம். அந்துருண்டையின் ஆவி மூடிய கூட்டுக்குள் கோழியின் நுரையீரலுக்கும் முட்டைக்குள் இருக்கும் கருவுக்கும் கேடு. முட்டையின் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருப்பதை மறந்துவிடக் கூடாது. புகையிலையில் உள்ள நிகோடின் பூச்சியைக் கொல்லும் என்பது உண்மை, பறவையையும் கொல்லும் என்பதும் உண்மை. தோட்டக் கடைகளில் பூச்சிக்கு விற்கும் டயட்டம் மண் என்னும் நுண்தூளையும் மூடிய பெட்டிக்குள் அள்ளிக் கொட்டாதீர்கள். அந்த நுண்தூளை நாளெல்லாம் சுவாசிப்பது கோழிக்கு நல்லதல்ல.

அத்திப்பள்ளி பண்ணை எழுதியது:

கரு முட்டை தேடுபவர்களுக்கு ஒரு சொல். அடை முட்டை ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்க வேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததாக இருக்கக் கூடாது, கழுவியதாகவும் இருக்கக் கூடாது. சிறுவிடைக்கு அதன் முட்டை என்றால் எட்டு முதல் பத்து வரை போதும். கோழியின் உடம்புக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் அது அதிகம் என்று பொருள். கோழி முட்டைகளை உள்ளும் புறமுமாக மாற்றி மாற்றிப் புரட்டுவதால், வெளியே தெரியும் ஒரு முட்டை மட்டுமல்லாமல் முறை வரும் ஒவ்வொன்றும் குளிர்ந்து கெடும். கிரிராஜா முட்டை வைப்பதானால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அது பெரியது. கிரிராஜாக் கோழி பொதுவாக அடைக்கு உட்காராது என்பதால், அதன் முட்டையை நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்துப் பொரிக்கும் வழக்கம் இங்கே உண்டு.

புது முட்டைகளை இருட்டிய பிறகு வையுங்கள். எல்லா முட்டையையும் ஒரே நாளில் வைக்க வேண்டும். வேறு கோழி வந்து அதே கூட்டில் முட்டையிடாதபடி பஞ்சாரத்தையோ (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) வலையையோ கொண்டு மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் கோழி எந்த நாளில் இறங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்தே மெலியும். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கரு உள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலையாகத் தெரியும். வெறுமையாகத் தெரிபவற்றை எடுத்துவிடுங்கள். கூமுட்டை ஒன்று கூட்டுக்குள் வெடித்தால், அதிலிருந்து வரும் கிருமி நல்ல முட்டைகளையும் கோழியின் வெறுந்தோலையும் பாதிக்கும்.

எஜிபுரா தோட்டக்காரர் எழுதியது:

தகரக் கூரையைப் பற்றிக் கேட்டீர்கள், அது எளிதாக விடக் கூடியதல்ல. பெங்களூரு குளிர்ந்த ஊர் என்னும் எண்ணத்தில் மாடிக் கூண்டுகளை அப்படியே விட்டுவிடுகிறோம். 2016 ஏப்ரலில் இங்கே வெப்பநிலை 39 டிகிரியைத் தாண்டியது. தகரத்துக்குக் கீழே அதைவிடவும் கூடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்பைத் தணிக்க வேண்டும். மேயும் கோழி நிழலுக்கு ஓடிவிடும், அடைக்கோழி முட்டையை விட்டு நகராமல் அங்கேயே இளைத்துக்கொண்டிருக்கும். வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து அகற்றி வைத்திருந்தால் உடனே கவனியுங்கள்.

பிற்பகலில் நேர் வெயில் படாத இடத்துக்கு, மாடிப்படி அறையின் கிழக்குச் சுவர் போன்ற இடத்துக்கு, முட்டை வைக்கும் முன்பே கூட்டை மாற்றிவிடுங்கள். பகலில் மாற்றினால் கோழி பழைய இடத்துக்கே ஓடும், இரவில் மாற்றுங்கள். தகரத்தின் மேல் தென்னங்கீற்றோ நனைத்த சாக்கோ போடுங்கள், ஆனால் சாக்கின் தண்ணீர் கூட்டுக்குள் சொட்டக் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தலையை நீட்டினால் எட்டும் தூரத்தில் வைத்து, காலையும் மாலையும் மாற்றுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் திடீரென்று கொட்டும் ஆலங்கட்டி மழைக்கும் சாரல் படாத தடுப்பு வேண்டும். ஈரமான வைக்கோலில் உட்கார்ந்த கோழிக்கு நெஞ்சுத் தோல் வெந்து புண்ணாகும்.

தீனியைத் தொலைவில் வைக்கலாம். எழுந்து போய்த் தின்று வருவது அதன் குடலுக்கும் காலுக்கும் நல்லது. தண்ணீர் மட்டும் அருகிலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டில் அடைக்காலத்தில் உடைத்த மக்காச்சோளமும் கம்பும் கேழ்வரகும் கலந்து கொடுக்கிறோம். முழுத்தானியம் தின்னும் கோழியின் எச்சம் கெட்டியாக இருப்பதால் கூடும் அசுத்தமாவதில்லை. அதோடு குஞ்சுத் தீவனம் ஒரு கைப்பிடி கொடுத்தால் புரதம் ஈடாகிவிடும்.

அல்சூர் மாடிவீடு எழுதியது:

சொன்னபடியே செய்தோம். மருத்துவர் கோழியைப் பார்த்து, வாயின் உட்புறம் நல்ல நிறமாகவே இருக்கிறது என்றார். அவர் கொடுத்த தூளை முறைப்படி போட்டு, பூச்சி அடங்கிய பிறகு பேம்பூ பஜாரில் வாங்கிய புதுக் கூடையில் முட்டை வைத்திருக்கிறோம். வெள்ளைத் துணியை இரவில் கூடையின் விளிம்பில் தேய்த்துப் பார்க்கிறேன், இப்போது கோடு விழவில்லை. கோழி தானாகவே காலையில் இறங்கி மண் டப்பில் புரள்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். இந்தக் கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குத் தடுப்பூசி போட்டதா என்று தெரியவில்லை, இப்போது போடலாமா? குஞ்சு பொரிக்கும் சமயத்தில் எறும்பு மொய்க்கும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

கே.ஆர்.புரம் கால்நடைப் பணியாளர் எழுதியது:

நல்ல செய்தி. தடுப்பூசியை இப்போது போட வேண்டாம். நலமாக, நன்றாகத் தின்னும் கோழிக்கே தடுப்பூசி நல்ல பலன் தரும். மெலிந்து உட்கார்ந்திருக்கும் கோழிக்கு அது கூடுதல் சுமை. அடைக்கு உட்காரும் முன்பே தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் முடிந்திருப்பது நல்லது. இந்த முறை குஞ்சுகளை விட்டுப் பிரிந்து கோழி உடம்பு தேறிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் போடும் ஊசியும் தவறக் கூடாது. அதுவரை சந்தையிலிருந்து புதுக் கோழி எதையும் வாங்கி வந்து இதனோடு விடாதீர்கள். சிவாஜிநகர்ச் சந்தைக்குப் போய் வந்த செருப்போடும் கூட்டருகே போக வேண்டாம். 2012 அக்டோபரில் நம் ஹெசரகட்டாவில் வான்கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் வந்து பறவைகளை அழிக்க நேர்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகை என்று தோன்றாது.

எறும்புக்கு மருந்துப் பொடியோ சாக்பீஸோ கூட்டருகே வேண்டாம். கோழி அதைக் கொத்தும். கூடையை ஒரு ஸ்டூலின் மேல் வைத்து, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பொரித்த ஓடுகளையும் ஈரப்பசையுள்ள சவ்வுகளையும் உடனுக்குடன் எடுத்துவிட்டால் எறும்புக்கு அழைப்பே போகாது. ஓடு விரிசல் விட்ட பிறகு நாமே உரித்துக் குஞ்சை எடுப்பதும், கோழியை அடிக்கடி தூக்கிப் பார்ப்பதும் கூடாது. அந்த ஓரிரு நாட்களில் கோழி இறங்காது, விட்டுவிடுங்கள். குஞ்சு தன் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவைக் கொண்டே இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பதால், தீனிக்காகக் கோழியை அவசரமாக இறக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஸ்ரீராமபுரம் கோழிக்காரம்மா எழுதியது:

குஞ்சு இறங்கிய பிறகு எல்லாரும் குஞ்சைத்தான் பார்ப்பார்கள், தாயை யாரும் பார்ப்பதில்லை. அது கிடைக்கும் தீனியையும் கொத்திக் கொத்திக் குஞ்சுக்கே காட்டும். ஆகவே குஞ்சுகள் தின்று ஒதுங்கிய பிறகு தாய்க்குத் தனியாக ஒரு கை தீனி வையுங்கள். வேகவைத்து நறுக்கிய முட்டை, ஊறவைத்த கம்பு, கீரை ஆகியவை உடம்பைத் தேற்றும். முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் குஞ்சுகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்; அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. தாயும் குஞ்சுத் தீவனத்தையே தின்னலாம், அதற்கு ஒரு குறையும் வராது. மாடியில் பருந்தும் பூனையும் இறங்கும் இடம் என்றால் முதல் சில வாரம் பஞ்சாரத்துக்குள்ளேயே வைத்திருங்கள்.

அத்திப்பள்ளி பண்ணை எழுதியது:

அம்மா சொன்னதோடு ஒன்று. குஞ்சுகளை விலக்கிய பின் கோழி மறுபடியும் முட்டையிட்டுச் சில வாரங்களில் அடைக்கு உட்காரக் கூடும். நாட்டுக்கோழியின் குணம் அது. நெஞ்செலும்பின் இருபுறமும் சதை திரும்பியிருந்தால் மட்டுமே அடுத்த அடைக்கு விடுங்கள். சதை வரவில்லை என்றால், உட்கார்ந்த முதல் நாளே கம்பிக் கூண்டில் போட்டுத் தெளிய வைத்துவிடுங்கள். முதல் நாளில் செய்தால் கோழிக்கும் எளிது, உங்களுக்கும் எளிது.

அல்சூர் மாடிவீடு எழுதியது:

அனைத்தையும் குறித்துக்கொண்டேன். ஏழாம் நாள் டார்ச் பார்வையில் இரண்டு முட்டை வெறுமையாகத் தெரிந்தன, எடுத்துவிட்டோம். மற்றவற்றில் நரம்பு தெளிவாக ஓடுகிறது. ஸ்டூலுக்குக் கிண்ணங்களை நாளை காலையிலேயே வைத்துவிடுகிறேன். சொட்டு மருந்துக்கு மருத்துவமனையில் எந்த நாளில் குஞ்சுகளைக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று கேட்டு இங்கே பதிவு செய்கிறேன். பக்கத்துத் தெருவில் கோழி வளர்ப்பவர்களும் சேர்ந்து வந்தால் மருந்துக் குப்பி வீணாகாமல் எல்லாருக்கும் பயன்படும்.